கப்பலுக்குப் போன தாத்தாவும் கடன் சீட்டும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போன முன்னோர்களைப் பற்றி. ஆகவே சினிமா, அரசியல், முடி கொட்டுதல் ஆகிய மூன்றுக்கும் விடுமுறை.

● ஓய்வுபெற்ற ஆசிரியை, துறையூர்: தாது வருஷப் பஞ்சத்தில்தான் தமிழர்கள் கடல் கடந்தார்கள் என்று படித்தேன். அதற்கு முன் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்களா?

வயிறும் ஆரவில்லை, வீட்டிலும் இருக்கவில்லை டீச்சர். மொரீஷியஸ் கரும்புக் காட்டுக்கு 1834-லிருந்தே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். அதில் தமிழரும் உண்டு. ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையில் கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து ஆட்கள் கண்டிச்சீமைக் காப்பித் தோட்டங்களுக்கு 1830களிலிருந்தே போய் வந்துகொண்டிருந்தார்கள். பாதை முன்பே போட்டாகிவிட்டது. 1876 முதல் 78 வரை அந்தப் பாதையில் நெரிசல், அவ்வளவுதான்.

தாது வருஷத்தில் மழை பொய்த்தது நிஜம். ஆனால் பழியை முழுக்க வருண பகவான் தலையில் கட்டிவிட முடியாது. சென்னை மாகாணத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதே துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறியது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு எவ்வளவு சோறு போட்டால் உயிர் நிற்கும் என்று இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் ஒரு கணக்குப் போட்டார். உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா காசு. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் சண்டை போட்டார். சில மாதம் கழித்து அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்து இன்று மூக்கைப் பொத்துகிறோமே, அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டியவர்கள் அந்தப் பஞ்சக் கூலிகள்தான். அந்த வரிசையில் நிற்பவனிடம் ஒருவர் வந்து, ‘அக்கரையில் அரிசிச் சோறு நிச்சயம்’ என்று காதில் சொன்னால் என்ன ஆகும்? 1877-ல் மட்டும் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல்.

● கல்லூரி மாணவர், அரியலூர்: அப்படியானால் பரம ஏழைகள்தான் முதலில் கிளம்பியிருப்பார்கள், இல்லையா?

கிளம்ப முடிந்த ஏழைகள். நடக்கத் தெம்பு வேண்டும், வழிச்செலவுக்குக் கடன் தர ஒருவன் வேண்டும். பஞ்சம் இறுகினால் முதலில் பித்தளைப் பாத்திரம் போகும், அடுத்து மாடு, அடுத்து நிலம். கடைசியில் கதவு நிலையைப் பெயர்த்து விற்பார்கள். அதற்குப் பிறகும் ஒரு குடும்பம் ஊரிலேயே இருந்தால், அது ஊர்ப்பற்றால் அல்ல. எழுந்திருக்க முடியவில்லை என்று அர்த்தம். பாடநூலில் இதற்கு ஒரு வளைகோடு இருக்கும். பரீட்சைக்கு அதையே வரைந்துவிடுங்கள்.

● தொழிலதிபர், கரூர்: என் தாத்தா மலேயாவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்தாராம். சொத்து என்ன ஆனது என்று விசாரிக்க முடியுமா?

தோட்டத்தில் இருந்தவர் இரண்டு தலைமுறையில் தோட்டம் வைத்திருந்தவர் ஆகிவிடுவது வழக்கம். மூன்றாம் தலைமுறையில் அது தீவாகிவிடும். சீக்கிரம் விசாரியுங்கள்.

● வழக்கறிஞர், புதுக்கோட்டை: எங்கள் கொள்ளுத்தாத்தா இலங்கையில் பெரிய கங்காணி. குடும்பத்தில் ஒரு பேரன் அவர் படத்துக்கு மாலை போடுகிறான். இன்னொருவன் ‘ஆள் பிடித்தவர்’ என்று திட்டுகிறான். யார் பக்கம் நிற்பது?

மாலை போடுகிறவனைத் தடுக்க வேண்டாம். ஆனால் என் ஓட்டு திட்டுகிறவனுக்கு.

கங்காணி ஊர் பேர் தெரியாத தரகர் அல்ல. அதுதான் அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம். அதே ஊர்க்காரர், பல சமயம் பங்காளி, மாமன், மச்சான். தோட்டத்துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கோட்டும் தலைப்பாகையுமாக ஊர் வந்து இறங்குவார். அறுப்பு இல்லாத மாதமாகப் பார்த்து வருவார். வட்டிக்காரனுக்குப் பழைய பாக்கி, படகுக் கூலி, வழிச்சோறு, ஆளுக்கு ஒரு கம்பளி என்று எல்லாவற்றையும் அவரே கொடுப்பார். அத்தனையும் ஆள் பேரில் பற்று. மலையேறிப் போய் முதல் நாள் வேலையைத் தொடும் முன்பே அவன் கடன்காரன். அவருடைய ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் அவருக்குத் தனியாகக் காசு கொடுத்தது. ஆளுக்குக் காய்ச்சல் என்றால் கங்காணிக்கு நஷ்டம். அந்த அளவுக்கு அக்கறையும் இருந்தது.

வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் ‘துண்டு’ வேண்டும். ‘இன்ன தொகையைக் கட்டிவிட்டு இந்த ஆட்களை எடுத்துக்கொள்ளலாம்’ என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய துரை கடனை அடைப்பார். ஆட்கள் இடம் மாறுவார்கள். கடனும் கூடவே மலையேறும். சட்டம் போட்டு அதை ஒழிக்க 1921 வரை ஆனது.

இதே கங்காணிதான் துரையிடம் வாய் திறக்கத் தெரியாதவனுக்காகப் பேசினார், கல்யாணம் முடித்து வைத்தார், லயத்துக்கு, அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசைக்கு, அருகே மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் திருவிழா நடத்தினார். ஆகவே படம் இருக்கட்டும். கிடைத்தால் அவருடைய பற்று வரவு நோட்டையும் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

● இல்லத்தரசி, முசிறி: மாமியாரின் டிரங்குப் பெட்டியில் ஓட்டை போட்ட வட்டத் தகரம் ஒன்று கிடைத்தது. எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. பழைய நாணயமா? விலை போகுமா?

விற்றுவிடாதீர்கள். இலங்கைக்குப் போகிறவர் கழுத்தில் கயிற்றில் கோத்துக் கட்டிய தகரத் துண்டாக இருக்கலாம். 1900களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு. எந்தத் தோட்டம், அந்தத் தோட்டத்தில் எத்தனையாவது ஆள் என்பது அந்த எழுத்திலும் எண்ணிலும் அடக்கம். அதைக் காட்டினால் ரயிலிலும் படகிலும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் இறக்கி, அம்மை குத்தி, காலரா இல்லை என்று உறுதியாகும்வரை அடைத்து வைத்து, பிறகுதான் கடலைத் தாண்டவிட்டார்கள். 1914-லிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. அதற்கு முந்தைய தலைமுறை மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தது. உங்கள் வீட்டுத் தகரம் எந்தக் கழுத்தில் கிடந்தது என்று மாமியாரைக் கேட்டீர்களா? எனக்கு எழுதும் முன் அவரிடம் கேட்டிருக்கலாம். மருமகள்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி.

● சமூகவியல் ஆய்வாளர், மதுரை: ஒரே காலத்தில், ஒரே ஜில்லாவிலிருந்து போனவர்கள். ஆனால் இலங்கைக்குக் குடும்பமாகப் போனார்கள், பர்மாவுக்கு ஆண்கள் தனியாகப் போனார்கள். பாசத்தில் வித்தியாசமா?

பயிரில் வித்தியாசம்.

முதலில் காப்பி. பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் ஏராளமான ஆள் தேவை. பெரும்பாலும் ஆண்கள் போனார்கள். பருவம் முடிந்ததும் மடியில் கொஞ்சம் காசோடு ஊர் திரும்பினார்கள். 1869-ல் காப்பி இலையில் ஒரு பூஞ்சணம் தென்பட்டது. பதினைந்து வருஷத்தில் தோட்டங்கள் படுத்துவிட்டன. அவற்றுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884-ல் கவிழ்ந்தது. கூலி பாக்கியோடு நடுக்காட்டில் நின்றவர்கள் பற்றி எந்த வங்கியும் கவலைப்படவில்லை. காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். இங்கேதான் குடும்பத்தின் தலையெழுத்து மாறியது.

தேயிலைக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. வாரா வாரம் கொழுந்து வரும், வருஷம் முழுக்கக் கிள்ள வேண்டும். கிள்ளும் வேலைக்குத் துரைமார் பெண்களைத்தான் கேட்டார்கள். புருஷனுக்குக் கவ்வாத்தும் கான் வெட்டுவதும், மனைவிக்குக் கொழுந்து, பிள்ளைக்குப் புல் பிடுங்குவது. ஒருவன் கூலி வாங்கிக் குடும்பத்தைக் காப்பாற்றலாம் என்ற எண்ணத்துக்கே அந்தச் சம்பளத்தில் இடமில்லை. குடும்பமே காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நின்றால்தான் குடும்பம் சாப்பிடும். ஆகவே மொத்தக் குடும்பத்தையும் இறக்கி, லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறை கொடுத்தார்கள். முன்னால் ஒடுக்கமாய் ஓர் இஸ்தோப்பு, உள்ளே அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் பிரசவம். கொழுந்து எடை குறைந்தால் அன்றைக்கு ‘அரைப் பேர்’ தான் விழும், அதாவது பாதிக் கூலி. அவள் கிள்ளிய கொழுந்துக்கான சம்பளத்தைப் பல லயங்களில் புருஷன் போய் வாங்கி வந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் குடும்பப் பாசம் பற்றிய இந்தப் பாடம் முழுமையாகாது.

மலேயா இரண்டுக்கும் நடுவில். ரப்பர் பால் வெட்ட ஆண் போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள். 1931-ல்கூட அங்கே ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஐந்நூறு இந்தியப் பெண்கள் இல்லை. பர்மாவில் ரங்கூன் துறைமுகம், அரிசி ஆலை, வட்டிக்கடை. மூன்றிலும் பெண்ணுக்கு வேலை இல்லை. செட்டிநாட்டுக் கடைக்கு ஏஜெண்டாகப் போனவர் மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்கு வருவார். வந்து சில காலம் இருந்துவிட்டு மறுபடி கப்பல். காரைக்குடிப் பக்கத்து ஆச்சிமார் கணக்கு வழக்கில் புலியாக இருப்பதற்கு ரங்கூன் ஒரு காரணம்.

● பெயர் வேண்டாம், தஞ்சாவூர்: கடல் தாண்டியதும் சாதி கழன்று விழுந்திருக்குமே?

சாதிக்கு டிக்கெட்டே தேவைப்படவில்லை. முதல் கப்பலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. எந்த லயத்தில் யார், எந்தப் பீலியில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்பதெல்லாம் கங்காணி கொண்டுபோன வழக்கப்படியே நடந்தது. ஆனால் ஒரு மாற்றம் நடந்தது, அதை உங்கள் ஊர் மிராசுதார்கள்தான் முதலில் கண்டுகொண்டார்கள். கப்பலுக்குப் போகும் வழி திறந்திருந்ததால் பண்ணையாள் ஒருநாள் காலையில் காணாமல் போனான். ‘நடவுக்கு ஆள் இல்லை, எல்லாம் அக்கரைக்கு ஓடுகிறது’ என்று சர்க்காருக்குப் புகார் எழுதினார்கள். ஆண்டையின் கடனை அறுத்துக்கொண்டு கங்காணியின் கடனில் விழுந்தவன் அடிமைத்தனத்தை மாற்றிக்கொண்டான் என்று மேதாவிகள் எழுதலாம். கையில் காசாக வாங்கும் கூலியையும் திரும்பி வரும்போது காலில் செருப்பையும் அவன் அப்படி நினைத்திருக்க மாட்டான்.

● மருந்துக்கடைக்காரர், நாகப்பட்டினம்: ‘ரப்பர் விழுந்த வருஷம் உன் தாத்தா திரும்பி வந்தார்’ என்பாள் அப்பாயி. ரப்பர் எங்கிருந்து விழுந்தது?

நியூயார்க்கிலிருந்து. 1929 அக்டோபரில் அங்கே பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்கன் கார் வாங்குவதை நிறுத்தினான். கார் இல்லாவிட்டால் டயர் இல்லை. டயர் இல்லாவிட்டால் மலேயாவின் கிள்ளானில் உங்கள் தாத்தாவுக்கு வேலை இல்லை. 1910-ல் ஒரு பவுண்டு ரப்பர் பத்து ஷில்லிங்கைத் தாண்டி விற்றிருக்கிறது. 1932-ல் சில பென்ஸ். கூலியை வெட்டினார்கள், பிறகு ஆளையே வெட்டினார்கள். 1930-லிருந்து சில வருஷங்களில் லட்சத்துக்கும் அதிகமானோரை இலவசப் பயணச்சீட்டுக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த இலவசத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். செலவுக்குப் பணம் வந்தது ஆட்களைக் கூட்டிவர 1907-ல் தோட்டங்களிடம் வசூல் செய்து ஏற்படுத்திய நிதியிலிருந்து. கூட்டிவரவும் அதுதான், கொண்டுபோய் விடவும் அதுதான். தோட்டத்துரைக்கு நம் கிராமம் வாடகை இல்லாத கிட்டங்கி. சரக்கு வேண்டும்போது எடுப்பார்; வேண்டாதபோது திருப்பி வைப்பார்; கெட்டுப்போனால் கிட்டங்கிக்காரன் பாடு. வேலையில்லாதவனுக்குச் சோறு போடும் பொறுப்பு மலேயா அரசுக்கு இல்லை, கம்பெனிக்கு இல்லை. திருத்துறைப்பூண்டியில் இருக்கும் அண்ணன் பெண்டாட்டிக்கு இருந்தது.

அவளுக்கோ அங்கே நெல் விலை பாதாளத்தில். வந்திறங்கிய குழந்தைகளில் பாதிப் பேர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்தது இல்லை. பிள்ளைக்கு மலாய்ப் பேச்சு கலந்து வருகிறது என்று பெரியம்மா சிரிக்க, அம்மாவுக்கு அழுகை வரும். அதனால் சில வீடுகளில் பெண்டு பிள்ளைகளை மட்டும் ஏற்றிவிட்டு, ஆண் அங்கேயே எதையாவது பயிர் போட்டுக்கொண்டு கிடந்தான். சில குடும்பம் திரும்பவே மறுத்து, தோட்டத்து ஓரத்தில் மரவள்ளி நட்டுச் சமாளித்தது. 1934-ல் விலை நிமிர்ந்ததும் மறுபடி ஆள் கேட்டார்கள், போனார்கள். கூலியைத் திரும்பக் குறைக்கப் பார்த்ததால் 1938-ல் இந்திய அரசு அந்தக் கதவைச் சாத்தியது. உங்கள் தாத்தா 34-ல் மறுபடி போனாரா என்று அப்பாயியிடம் கேட்டுப் பாருங்கள். ‘போனார், வரவில்லை’ என்பது பல வீட்டுப் பதில்.

● தணிக்கையாளர், தேவகோட்டை: நாங்கள் பர்மாவையே விழுங்கிவிட்டோம் என்று பேசுகிறார்கள். வட்டித் தொழில் செய்தவனுக்கு வயல் எதற்கு?

வேண்டாத வயல்தான் தொண்டையில் சிக்கியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-ல் செட்டியார் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938-ல் 25 சதவீதம். இடையில் அவர்கள் விவசாயத்துக்கு ஆசைப்படவில்லை. நெல் விலை விழுந்தது, பர்மிய விவசாயியால் வட்டியும் கட்ட முடியவில்லை, முதலும் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைமாறியது. லெட்ஜரில் அது வராக்கடன் வசூல். வயலை இழந்தவன் கண்ணில் அது கொள்ளை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அவன்தான் சொந்த மண்ணில் கூலியானவன். 1930-லேயே ரங்கூனில் இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராகக் கலவரம் வந்தது. அதில் அடிபட்டவர்கள் வட்டிக்கடை முதலாளிகள் அல்ல, துறைமுகத்து மூட்டை தூக்கிகள். தணிக்கையாளர் என்கிறீர்கள், இந்த வரவு செலவை நீங்களே நேர்செய்து பாருங்கள்.

● நகைப்பிரியை, கும்பகோணம்: கொள்ளுப்பாட்டியின் காசுமாலை குடும்பக் கதையில் மட்டும் இருக்கிறது. எங்கே போயிருக்கும்?

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. தங்கத்தின் விலை ஏறியது. நெல் விலை ஏற்கெனவே விழுந்து கிடந்தது. கிஸ்தி மட்டும் குறையவில்லை. நாடு முழுக்கப் பெண்கள் கழுத்திலிருந்து கழன்ற நகை உருகி, கட்டியாகி, பம்பாய் வழியாக லண்டன் போனது. ஊரைவிட்டுப் போக வழியில்லாத குடும்பங்கள் தங்கத்தை அனுப்பிவிட்டு ஊரில் இருந்தன. நாத்தனாரைச் சந்தேகப்படுவதை இனி நிறுத்தலாம்.

● தேயிலை வியாபாரி, குன்னூர்: வெள்ளைக்காரனுக்குப் பஞ்சம் பிழைக்கும் கதையே கிடையாதா?

ஏராளம். அயர்லாந்தில் 1845-ல் உருளைக்கிழங்கு அழுகியது. பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கு மேலே கப்பலேறினார்கள், அங்கேயும் பட்டினிக்கு நடுவே தானியம் ஏற்றுமதியானது. முப்பது வருஷம் கழித்துச் சென்னையில் அதே நாடகத்தை மறுபடி போட்டார்கள். இலங்கையில் 1867-ல் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக் கிராமத்துப் பையன். 1852-ல் தீவில் இறங்கியபோது பதினேழு வயது நிரம்பவில்லை. அவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் வந்தார். அவருக்குப் பங்களா, நம்மவருக்கு லயம் என்பதைத் தவிரப் பெரிய வேற்றுமை ஒன்றும் இல்லை.

● லாரி உரிமையாளர், ஆம்பூர்: எங்கள் பக்கத்தில் யாரும் கப்பல் ஏறியதாகக் கேள்விப்படவில்லை. நாங்கள் வசதியா?

உங்கள் பக்கத்து ஆட்கள் கப்பலுக்குப் பதில் சுரங்கத்தில் இறங்கினார்கள். 1880களிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வட ஆற்காட்டிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள், 2001-ல் சுரங்கத்தை மூடியபோது அங்கேதான் இருந்தார்கள். திருநெல்வேலிக்காரர்கள் தாராவிக்குத் தோல் பதனிடப் போனார்கள். 1930களில் மலேயாக் கதவும் சிலோன் கதவும் ஒடுங்கியபோது கோவையில் மில் சங்கு ஊதியது. பைக்காரா மின்சாரம் அப்போதுதான் வந்திருந்தது. மானம் பார்த்த பூமியில் மூன்று வருஷம் மானம் பார்த்தவர்கள் நான்காவது வருஷம் சங்கு கேட்டுப் போனார்கள்.

● வங்கி ஊழியர், கோத்தகிரி: எங்கள் தாத்தா, பாட்டி ‘தாயகம் திரும்பியவர்கள்’. ஆனால் இரண்டு பேரும் பிறந்தது ஹட்டனில். எங்கே திரும்பினார்கள்?

காகிதத்தில். 1948-ல் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத்து மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒரு கூட்டல் கழித்தல் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் பப்பாதி பிரித்துக்கொண்டார்கள். நிலத்தைப் பிரிக்கும்போதுகூட வாரிசுகளிடம் கையெழுத்துக் கேட்பார்கள். இங்கே கேட்கவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று ஒரே லயத்துக்குள் கோடு விழுந்தது.

‘பிறந்த மண்ணைவிட்டு ஏன் வந்தீர்கள்’ என்று அவர்களைக் கேட்பவர்கள் 1973, 74-ஐ மறந்துவிடுகிறார்கள். மாவும் அரிசியும் ரேஷனில் சுருங்கி, தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த வருஷங்கள் அவை. அதுவரை இழுத்தடித்த பல குடும்பங்கள் அப்போதுதான் பெட்டி கட்டின. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பாட்டன்மார் அம்மை குத்திக்கொண்ட அதே மண்டபம்தான். சிலருக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள். தேயிலைத்தூரைத் தவிர வேறெதையும் தொட்டறியாதவர் மளிகைக்கடை வைத்தால் எத்தனை மாதம் ஓடும்? அவர்களுக்கென்றே 1968-லிருந்து நீலகிரியில் அரசு தேயிலை நட்டிருந்தது. அங்கே இறங்கி இங்கே ஏறினார்கள். உங்கள் மலையில் இன்றைக்கும் அவர்கள் பெயர் ‘சிலோன்காரர்கள்’. ஹட்டனில் இருந்தவரை ‘இந்தியாக்காரர்கள்’.

● சாப்பாட்டுராமன், சென்னை: பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட்டேன். அமிர்தம்! இதற்கும் பஞ்சத்துக்கும் சம்பந்தம் உண்டா?

அத்தோவுக்கு இல்லை, அத்தோ கடைக்கு உண்டு. ஜப்பான்காரன் பர்மாவில் குண்டு போட்டதும் 1942-ல் லட்சக்கணக்கானோர் காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்தார்கள். கணிசமானோர் வந்து சேரவில்லை. யுத்தம் முடிந்து பர்மா போனவர்களை, 1962-க்குப் பிறகு நே வின்னின் ராணுவ ஆட்சி கடை கண்ணிகளைத் தேசியமயமாக்கித் துரத்தியது. அப்படி வந்தவர்களுக்குக் கடற்கரைச் சாலை ஓரம் கிடைத்த இடம்தான் பஜார். சிலர் தரைவழியே மறுபடி பர்மா போகக் கிளம்பி, மணிப்பூர் எல்லையில் மோரேயில் தடுக்கப்பட்டு, அங்கேயே கோயில் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். அங்கே இட்லியும் கிடைக்கும். அடுத்த பயணத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

● பனியன் கம்பெனி மேலாளர், திருப்பூர்: பீகார்ப் பையன்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள். பொறுப்பே இல்லையே?

தஞ்சாவூர் மிராசுதார் எழுதிய புகாரை மேலே படித்தீர்களா? போஜ்புரி பேசும் அதே ஜில்லாக்களிலிருந்துதான் மொரீஷியஸுக்கு அதிகம் பேர் போனார்கள். கரும்புக் காட்டில் நம்மவருக்குப் பக்கத்து வரிசையில் நின்றவர்கள். உங்களுக்கு ஆள் கொண்டுவரும் கான்ட்ராக்டர், பையனின் வீட்டுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தார், அதை யார் சம்பளத்தில் பிடிக்கிறார் என்று ஒருநாள் விசாரியுங்கள். கோட்டும் தலைப்பாகையும் இல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் தெரியும்.

● மகனின் தந்தை, ஈரோடு: பையன் கனடா போகிறேன் என்கிறான். படிப்புக் கடன் முப்பது லட்சம். போகவிடலாமா?

போகட்டும். கடன் சீட்டில் கையெழுத்து யாருடையது?

● பேத்தி, டர்பனிலிருந்து மின்னஞ்சலில்: என் முன்னோரின் கிராமத்தைத் தேடி வர ஆசை. முடியுமா?

நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட உங்களுக்குத்தான் அது சுலபம். ஒப்பந்தக் கூலியாகப் போனவருக்குக் கப்பல் பட்டியல் உண்டு: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் இருந்த தழும்பு வரைக்கும். மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் புகைப்படங்களைக்கூடப் பாதுகாக்கிறது. கங்காணியின் பின்னால் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு காகிதம் பெரும்பாலும் கிடையாது. அவர்களைப் பற்றி எழுதியிருந்ததெல்லாம் கங்காணியின் பற்று நோட்டில், அதையும் கரையான் தின்றிருக்கும். பட்டியலில் ஊர்ப் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டுப் பலமுறை படித்துப் பாருங்கள், ஏதோ ஒரு தடவை தமிழ் ஊராகிவிடும். தாலுகாவைப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஊருக்கு வந்ததும் ஆண்களிடம் கேட்காதீர்கள், பரம்பரைப் பெருமை பேசிப் பொழுதைக் கழிப்பார்கள். எழுபது தாண்டிய அத்தை யாராவது திண்ணையில் இருப்பார். எந்த வீட்டிலிருந்து யார் சொல்லாமல் போனார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். வரும்போது கையில் ஏதாவது வாங்கி வாருங்கள். அத்தைகள் சும்மா சொல்ல மாட்டார்கள்.

● வம்புக்காரர், விருதுநகர்: ஊரார் தாத்தாக்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் தாத்தா எங்கே போனார்?

எங்கும் போகவில்லை. அவரை நம்பிக் கடன் கொடுக்க எந்தக் கங்காணியும் தயாராக இல்லை.